பேய்லர் பல்கலைக்கழகத்தில் ஸ்பிரிங் செமஸ்டர்: எதற்கு நேரம் ஒதுக்கலாம், எதை விட்டுவிடலாம்

பிள்ளையை பேய்லரில் சேர்க்கலாமா என்று யோசிக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள வேக்கோ நகரத்துக்குப் போய் வளாகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகின்றன. ஜூலையில் அங்கே வெயில் 36, 37 டிகிரி. விடுதிகள் பாதிக்கு மேல் காலி. அந்த நாட்களில் கண்ணில் படுவது செங்கல் கட்டடங்களும் புல்வெளியும் மட்டுமே. ஜனவரி நடுவில் தொடங்கி மே முதல் பாதியில் முடியும் ஸ்பிரிங் செமஸ்டரில் போனால்தான் இங்கே நான்கு வருடம் எப்படி இருக்கும் என்பது புரியும். இலையுதிர்கால செமஸ்டரின் வாரக்கடைசிகளை அமெரிக்கன் ஃபுட்பால் எடுத்துக்கொள்கிறது. ஸ்பிரிங்கில் நடப்பவற்றில் முக்கால்வாசி மாணவர்கள் தாங்களே திட்டமிட்டு நடத்துபவை. அதனால் இந்த மதிப்பீடு அந்த நான்கு மாதங்களைப் பற்றியது.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. டெக்சஸ் தனிக் குடியரசாக இருந்த 1845-இல் பாப்டிஸ்ட் சபையினர் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. 1886-இல் வேக்கோவுக்கு இடம் மாறியது. இன்று சுமார் இருபதாயிரம் மாணவர்கள். 2021 டிசம்பரில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைத் தரம் பிரிக்கும் கார்னகி வகைப்பாட்டின் உயர்ந்த ஆய்வுப் பிரிவான ஆர்-1 பட்டியலில் சேர்ந்தது. ஆகவே ஊர்ப் பக்கத்துப் பைபிள் கல்லூரி என்று நினைத்துப் போகிறவர்களும், சமயப் பெயர் சும்மா பெயரளவில்தான் என்று நினைத்துப் போகிறவர்களும், இருவருமே ஏமாறுவார்கள். ஆய்வகமும் உண்டு, சேப்பல் என்ற கட்டாய வழிபாட்டுக் கூட்டமும் உண்டு.

போய்ச் சேர்வது எளிது, ஆனால் கார் வேண்டும். டாலஸிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர், ஆஸ்டினிலிருந்து சுமார் 160. இரண்டு ஊருக்கும் நடுவே ஐ-35 நெடுஞ்சாலையை ஒட்டியே வளாகம். கூட்டமில்லாத நேரத்தில் ஒன்றரை மணி நேரப் பயணம். வெள்ளி மாலையில் இதே தூரம் இரண்டரை மணி நேரம்கூட இழுக்கும். வேக்கோவுக்குச் சின்ன விமான நிலையம் இருக்கிறது. அங்கே இறங்க டாலஸ்-ஃபோர்ட் வொர்த்தில் விமானம் மாற வேண்டும். ரயிலில் வரலாம் என்று ஆம்ட்ராக் டிக்கெட் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, ரயில் வேக்கோவில் நிற்பதில்லை. மேற்கே 30 கிலோமீட்டர் தள்ளி மெக்கிரெகர் என்ற ஊரில் இறக்கிவிடும். அங்கிருந்து வர முன்கூட்டியே யாரையாவது சொல்லி வைக்காவிட்டால் நடுவழியில் நிற்க நேரும்.

சிங்: பிப்ரவரியின் பெரிய வேலை

ஒரே ஒரு நிகழ்ச்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஆல்-யுனிவர்சிட்டி சிங் பார்க்க வேண்டும். 1953-இல் தொடங்கியது. மாணவர் சங்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு, ஏழு நிமிட அளவில் பாட்டும் ஆட்டமும் உடையும் பின்திரையுமாக ஒரு குட்டி மேடை நாடகத்தை வேக்கோ ஹால் அரங்கில் போடும். பிப்ரவரி பின்பாதியில் அடுத்தடுத்த இரண்டு வாரக்கடைசிகளில், வியாழன் முதல் சனி வரை காட்சிகள். கடைசி இரவில் நடுவர்களின் முடிவு வரும். முதல் எட்டு இடங்களைப் பிடித்த குழுக்கள் அதே நிகழ்ச்சியை இலையுதிர்காலத்தில், பழைய மாணவர்கள் ஊருக்குத் திரும்பும் ஹோம்கமிங் வாரத்தில், பிக்ஸ்கின் ரெவ்யூ என்ற பெயரில் மறுபடி போடும்.

மேடையில் நிற்கிறவர்களில் பெரும்பாலோர் இசையோ நடனமோ படிக்கிறவர்கள் இல்லை. கணக்குப் பதிவியலும் நர்சிங்குக்கு முந்தைய பாடங்களும் படிக்கிறவர்கள். அறுபது, எழுபது பேர் ஒரே மேடையில் அணி கலைந்து, அணி சேர்ந்து, பாடிக்கொண்டே நகர்வதில்தான் இதன் அழகு. இந்தப் பல்கலைக்கழகத்தில் 1996 ஏப்ரல் வரை வளாகத்துக்குள் நடனம் ஆடவே தடை இருந்தது, 151 வருடம். அந்தத் தடை இருந்த காலத்திலேயே இப்படி ஒரு மேடை மரபு வளர்ந்து நின்றது என்பதை நினைத்துப் பார்த்தால், மாணவர்களுக்கு இதன்மேல் இருக்கும் பிடிப்பு புரியும்.

டிக்கெட் விஷயத்தில் தவறு செய்கிறவர்கள் அதிகம். எல்லோரும் கடைசி சனிக்கிழமைக்கே பாய்வார்கள், அதுதான் முதலில் தீரும். அதைவிட இரண்டாவது வாரத்து வியாழன் நல்ல தேர்வு. முதல் வாரத்தில் ஒலியமைப்பிலும் உடை மாற்றத்திலும் நடந்த தடுமாற்றங்கள் அதற்குள் சரியாகியிருக்கும், இடமும் கிடைக்கும். வேக்கோ ஹாலில் இரண்டாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். கீழ்த்தளத்தின் முன்வரிசையைத் தேடி ஓட வேண்டாம். அணிவகுப்பின் வடிவங்கள் முன்வரிசையிலிருந்து தெரியாது. பால்கனியின் முதல் சில வரிசைகள் விலை குறைவு, பார்வையும் முழுமை. பதினாறு, பதினேழு குழுக்கள், இடைவேளை, மேடை மாற்றம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். சின்னக் குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இடைவேளையில் கிளம்பத் தோதாக ஓர இருக்கை எடுப்பது நல்லது.

பங்கேற்க நினைக்கும் மாணவர்களுக்கு வேறு கணக்கு. ஒத்திகைகள் ஜனவரி வகுப்புகள் தொடங்கிய உடனே ஆரம்பிக்கும், ஏறக்குறைய ஆறு வாரம் மாலையும் இரவும் போகும். அந்த ஆறாவது வாரத்தில்தான் பல பாடங்களின் முதல் பெரிய தேர்வும் வரும். வேதியியலும் உயிரியலும் சேர்த்து எடுத்துவிட்டு சிங்கிலும் நிற்கிறவர்கள் பிப்ரவரி கடைசியில் தடுமாறுவதற்கு இதுதான் காரணம். சோம்பல் காரணம் இல்லை. பங்கேற்பது என்று முடிவானால் நவம்பரில் பாடங்களைப் பதிவு செய்யும்போதே ஆய்வக வகுப்பு ஒன்றுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காலை 8 மணி வகுப்பைத் தவிர்க்க வேண்டும். இதைப் பல்கலைக்கழகம் புதியவர்களுக்கு இன்னும் வெளிப்படையாகச் சொல்லலாம் என்பது எங்கள் குறை.

சிங்கில் பெரும்பாலான குழுக்கள் கிரேக்க எழுத்துப் பெயர் கொண்ட சகோதர, சகோதரி சங்கங்கள். மாணவியர் சங்கங்களுக்கான ஆள்சேர்ப்பு ஜனவரியில், வகுப்புகள் தொடங்கும் சமயத்திலேயே நடக்கும். முதல் செமஸ்டர் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். சந்தா, உடை, சுற்றுலா, பரிசு என்று செலவு செமஸ்டருக்குச் சில நூறு டாலரில் தொடங்கி மேலே போகும். கல்விக் கட்டணமே வருடத்துக்கு ஐம்பதாயிரம் டாலரைத் தாண்டும் இடத்தில் இந்தச் செலவைக் குடும்பத்தோடு பேசாமல் சேரக் கூடாது. சங்கத்தில் சேராதவர்களுக்கு வளாக வாழ்க்கை இல்லை என்று சொல்வது பொய். சேராதவர்களே அதிகம்.

செவ்வாய் மூன்று மணி

பேய்லரில் மிகக் குறைவாக மதிக்கப்படுவது 'டாக்டர் பெப்பர் ஹவர்' என்ற ஒரு மணி நேரக் கூடுகை என்றே சொல்வோம். செமஸ்டர் நடக்கும் ஒவ்வொரு செவ்வாயும் மாலை 3 முதல் 4 வரை, பில் டேனியல் மாணவர் மையத்தின் மாடியில் இருக்கும் பார்ஃபீல்டு அறையில் டாக்டர் பெப்பர் ஃப்ளோட் கொடுப்பார்கள். வெனிலா ஐஸ்கிரீமும் டாக்டர் பெப்பர் சோடாவும் சேர்ந்த குளிர் பானம். இலவசம். அட்டை காட்ட வேண்டாம், பெயர் எழுத வேண்டாம். 1953-இல் காபி நேரமாகத் தொடங்கிய வழக்கம் இது. டாக்டர் பெப்பர் பிறந்த ஊரே வேக்கோதான். 1885-இல் சார்லஸ் ஆல்டர்டன் என்ற மருந்தாளுநர் அங்கே ஒரு மருந்துக் கடையில் கலந்து பார்த்த சுவை அது.

இதன் பயன் சோடாவில் இல்லை. பேராசிரியர்கள், நூலக ஊழியர்கள், முதல் வருட மாணவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்து, யாரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தயங்கும் மாணவருக்கு இதைவிடச் சுலபமான வாசல் அந்த வளாகத்தில் கிடையாது. 3 மணிக்கு வகுப்பு முடிந்து வருகிறவர்களால் 3.10 முதல் வரிசை நீளும். 3 மணிக்கு ஐந்து நிமிடம் முன்போ 3.30-க்குப் பிறகோ போனால் நிதானமாக உட்கார இடம் கிடைக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஐஸ்கிரீம் கலக்காத சோடா கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகத்தைப் பார்க்க வரும் குடும்பங்கள் தங்கள் நாளைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொள்வது இதற்காகவே தகும்.

ஏப்ரலில் வரும் டியாடெலோசோவைப் பற்றி இவ்வளவு உற்சாகமாகச் சொல்ல முடியவில்லை. வார நாள் ஒன்றில் வகுப்புகளை முழுவதும் ரத்து செய்துவிட்டு நாள் பூராவும் விளையாட்டு, இசை, உணவு வண்டிகள் என்று விடுவார்கள். ஸ்பானிஷ் மொழியில் கரடியின் நாள் என்ற பொருளில் பெயர், கரடிதான் பேய்லரின் சின்னம். 1930-களிலிருந்து வரும் வழக்கம். கயிறு இழுத்தல், கைப்பந்துப் போட்டிகள் நன்றாக நடக்கும், மாலைக் கச்சேரியும் இலவசம். ஆனால் வளாகத்துக்குள் மது கிடையாது என்பதால் ஒரு பகுதி மாணவர்கள் காலையிலேயே வெளியில் வாடகை வீடுகளுக்குப் போய்விடுகிறார்கள். மதியத்துக்குள் வளாகத்துக் கூட்டம் மெலிகிறது. போட்டிகளில் சேர விரும்பினால் முன்பே குழுவாகப் பதிவு செய்ய வேண்டும். அன்று காலையில் போய்க் கேட்டால் இடம் இருக்காது. டெக்சஸ் ஏப்ரல் வெயிலை லேசாக எடுத்துக்கொண்டு தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் போகிறவர்கள் மூன்று மணிக்கே சோர்ந்துவிடுவார்கள். பெற்றோர்கள் இந்த நாளில் வளாகம் பார்க்கப் போக வேண்டாம், வகுப்பு எதையும் பார்க்க முடியாது.

சமயம் எவ்வளவு, எப்படி

தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான் என்பதால் விவரமாகச் சொல்ல வேண்டும். இளநிலை மாணவர்கள் எல்லோரும், எந்தச் சமயத்தினராக இருந்தாலும், இரண்டு செமஸ்டர் சேப்பலும் இரண்டு சமயப் பாடங்களும் முடித்தே பட்டம் வாங்க வேண்டும். பாடங்களில் ஒன்று கிறிஸ்தவ வேதநூல், மற்றது கிறிஸ்தவ மரபு. இரண்டும் மற்றப் பாடங்களைப் போலவே படிப்பும் கட்டுரையும் தேர்வும் உள்ளவை, மதிப்பெண் சராசரியில் சேரும். ஞாயிற்றுப் பள்ளியில் பத்து வருடம் படித்தேன் என்ற நம்பிக்கையில் புத்தகத்தைத் திறக்காமல் தேர்வுக்குப் போகிறவர்கள் அடிவாங்குவது வழக்கம். கேள்விகள் மனப்பாட வசனத்தைக் கேட்பதில்லை. ஒரு நூல் எந்தச் சூழலில் எழுதப்பட்டது, யாருக்காக என்று கேட்கின்றன. இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் புதிதாகப் படிப்பதாலேயே நன்றாகச் செய்வதுண்டு.

சேப்பலுக்கு மதிப்பெண் இல்லை, வருகைதான் கணக்கு. பெரிய அரங்கில் நடப்பது தவிர, சிறு குழுக்களாகவும் துறை சார்ந்தும் பல வகை உண்டு, பதிவு செய்யும்போது தேர்ந்தெடுக்கலாம். அனுமதித்த அளவுக்கு மேல் வராமல் போனால் அந்த செமஸ்டரின் சேப்பல் கணக்கில் சேராது, திரும்பச் செய்ய வேண்டும். இதைத் தள்ளிப்போட்டு நான்காம் வருட ஸ்பிரிங்கில் வைத்துக்கொள்வது மிக மோசமான யோசனை. வேலை நேர்காணலுக்கு வெளியூர் போகும் மாதங்கள் அவை. நாலைந்து முறை தவறினால் பட்டமே தள்ளிப் போகலாம். முதல் வருடத்திலேயே இரண்டையும் முடித்துவிடுங்கள். முதுகலை மாணவர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

வழிபாட்டு முறையைப் பற்றி ஒன்று. சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்கப் பின்னணியில் வளர்ந்து, ஆராதனை முறைமையும் பாமாலையும் பழகியவர்களுக்கு இங்கே பொதுவாக நடக்கும் கிட்டாரும் திரையில் வரும் பாட்டு வரிகளும் கொண்ட கூட்டம் முதலில் ஒட்டாது. அவர்கள் ப்ரூக்ஸ் விடுதிக் கல்லூரியின் ராபின்ஸ் சேப்பல் பக்கம் போய்ப் பார்க்கலாம். சின்ன, அமைதியான இடம். ஸ்பிரிங்கில் ஃபவுண்டன் மால் புல்வெளியில் கூடாரம் போட்டு 72 மணி நேரம் இடைவிடாமல் ஜெபம் நடத்துவார்கள். எஃப்.எம்.72 என்று பெயர். மாணவர்கள் மணிக்கணக்குப் பங்கிட்டுக்கொண்டு இரவிலும் தொடர்வார்கள், மாலைகளில் பெரிய கூட்டம் சேரும். யாரும் பிடித்து இழுப்பதில்லை. நள்ளிரவு இரண்டு, மூன்று மணி நேரங்களுக்குத்தான் ஆள் குறைவு. அமைதியாக உட்கார நினைக்கிறவர்களுக்கு அந்த நேரமே நல்லது. புனித வெள்ளியும் ஈஸ்டருக்கு மறுநாள் திங்களும் விடுமுறை. அந்த நான்கு நாட்களில் சாப்பாட்டுக் கூடங்கள் முழு நேரம் இயங்காது என்பதை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடத்தை விதிகள் கடுமையானவை, கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். வளாகத்தில் மது கூடாது, 21 வயது ஆனவர்களுக்கும்தான். விடுதி அறைக்குள் எதிர்பாலினத்தார் வர நேர வரையறை உண்டு. பாலுறவு பற்றிய கொள்கை பாரம்பரிய பாப்டிஸ்ட் நிலைப்பாட்டைச் சார்ந்தது. தன்பாலின ஈர்ப்புடைய மாணவர்களுக்கு இது நேரடியாகப் பொருளாகும் விஷயம். அவர்களுக்கென அங்கீகரிக்கப்பட்ட ஒரு மாணவர் குழு 2022-இல்தான் வந்தது. பாலியல் வன்முறைப் புகார்களைப் பல்கலைக்கழகம் சரியாகக் கையாளவில்லை என்று வெளி விசாரணை 2016-இல் கண்டறிந்ததும் பொதுப் பதிவில் இருக்கிறது. அதன் பிறகு தலைமை மாறியது, புகார் பெறும் அலுவலகம் விரிவானது. வளாகச் சுற்றுலாவில் இதைப் பற்றிக் கேட்கத் தயங்காதீர்கள். கேட்டால் பதில் சொல்கிறார்கள்.

சாப்பாடு, உடம்பு, வானிலை

மெமோரியல், பென்லாண்டு, ஈஸ்ட் வில்லேஜ், ப்ரூக்ஸ் என்று வளாகச் சாப்பாட்டுக் கூடங்கள் நான்கு. ஈஸ்ட் வில்லேஜில் வகை அதிகம். ப்ரூக்ஸின் பெரிய கூடம் பார்க்க மிக அழகு, நண்பர் வட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிட ஏற்றது. சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். டெக்சஸ் சமையலில் பீன்ஸ் என்றாலே சைவம் என்று பொருளில்லை. பேக்கனோடு வேகவைப்பது உண்டு, மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் உண்டு. கீரை வகைகளிலும் இறைச்சித் துண்டு போடுவார்கள். பெயர்ப் பலகையை மட்டும் நம்பாமல் பரிமாறுகிறவரிடம் கேளுங்கள். ஸ்பிரிங் பிரேக் வாரத்தில், அதாவது மார்ச் முதல் பாதியில் வரும் ஒரு வாரம், இந்தக் கூடங்களில் பெரும்பாலானவை மூடியிருக்கும். ஊருக்குப் போகாமல் தங்கும் வெளிநாட்டு மாணவர்கள் அரிசி, பருப்பு, முட்டை வாங்கி வைத்துக்கொள்ளாவிட்டால் ஹோட்டல் சாப்பாட்டுக்கே நூறு டாலருக்கு மேல் போய்விடும். விடுதி அறைக்குள் எந்த மின்சாதனம் வைக்கலாம் என்று பட்டியல் இருக்கிறது. ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைக்கும் முன் அதைப் பாருங்கள், பொதுச் சமையலறை உள்ள விடுதியா என்றும் கேளுங்கள். வேக்கோவில் இந்திய மளிகைத் தேர்வு குறைவு. மாதம் ஒருமுறை ஆஸ்டினுக்கோ டாலஸ் பக்கத்து இர்விங்குக்கோ நான்கு பேர் சேர்ந்து காரில் போய் வருவதே சிக்கனம். கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் அந்த இரண்டு ஊர்களே வழி.

வளாகத்துக்கு வெளியே எட்டாம் தெருவில் காமன் கிரவுண்ட்ஸ் காபிக் கடை மாணவர்களின் இரண்டாவது நூலகம். கௌபாய் காபி கேளுங்கள், குளிர்ந்த இனிப்புக் காபி. நம் டிகிரி காபியை எதிர்பார்க்க வேண்டாம், பால் தூக்கலாக இருக்கும். இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு வைடெக்ஸ் கடையின் கட் பேக் பிரபலம். சோளச் சிப்ஸ் மேல் பீன்ஸ், மாட்டிறைச்சி, சாசேஜ், சீஸ், வெங்காயம், ஊறுகாய் என்று அடுக்கியது. ஒன்றை இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி தவிர்ப்பவர்களுக்கு அங்கே வேலை இல்லை.

ஜனவரியில் வந்து இறங்கும் புதியவர்களில் பலருக்கு இரண்டே வாரத்தில் மூக்கடைப்பு, கண் எரிச்சல், தலைபாரம் வரும். சளி என்று நினைத்து ஆன்டிபயாடிக் தேடுவார்கள். பெரும்பாலும் அது டெக்சஸ் மலைப்பகுதி ஜூனிபர் மரத்தின் மகரந்தம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காற்றில் நிறைந்திருக்கும், செடார் காய்ச்சல் என்பார்கள். காய்ச்சல் என்ற பெயர்தான், உடம்புச் சூடு ஏறுவது அரிது. அது அடங்கியதும் மார்ச்சில் ஓக் மரங்களின் மஞ்சள் தூள் தொடங்கும், நிறுத்திய காரின் மேல் படிந்து தெரியும். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் ஒவ்வாமை மாத்திரையை அறிகுறி வந்த பிறகு தேடாமல் முன்பே மருந்தாளுநரிடம் கேட்டு வாங்கி வைக்கலாம். இரவில் ஜன்னலை மூடி, வெளியே போய் வந்ததும் தலை குளிப்பது நல்ல பலன் தரும்.

மார்ச் முதல் மே வரை இடிமழையும் ஆலங்கட்டியும் சூறாவளி (டொர்னாடோ) எச்சரிக்கையும் வரும். 1953 மே 11-இல் வேக்கோ நகர மையத்தைத் தாக்கிய சூறாவளியில் 114 பேர் இறந்தார்கள். அந்த ஊர் எச்சரிக்கைச் சங்கை ஒருபோதும் அலட்சியம் செய்யாது. சங்கு ஒலித்தால் வேடிக்கை பார்க்க வெளியே வரக் கூடாது. கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத நடுப்பகுதிக்குப் போக வேண்டும். பல்கலைக்கழகத்தின் அவசரச் செய்தி கைபேசிக்கு வரும். இந்திய எண்ணைக் கொடுத்துப் பதிந்தவர்கள் அமெரிக்க எண் வாங்கியதும் மாற்ற மறந்துவிடுகிறார்கள். முதல் வாரத்திலேயே இதைச் செய்யுங்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

ஒரு பகல் போதும். 2023-இல் திறந்த ஹர்டு வரவேற்பு மையத்தில் தொடங்குங்கள், சுற்றுலாவுக்கு முன்பதிவு வேண்டும். அது முடிந்ததும் ஆர்ம்ஸ்ட்ராங் பிரவுனிங் நூலகம். விக்டோரியக் காலக் கவிஞர்களான ராபர்ட் பிரவுனிங், எலிசபெத் பாரெட் பிரவுனிங் தம்பதியின் கடிதங்களும் பொருட்களும் உலகிலேயே அதிகம் சேர்ந்திருப்பது இங்கே. 62 வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், பெரும்பாலும் அவர்களின் கவிதைகளை ஒட்டியவை. அனுமதி இலவசம், ஞாயிறு மூடியிருக்கும். ஆங்கில இலக்கியம் படித்த பெற்றோருக்கு ஒரு மணி நேரம் போவதே தெரியாது. பிறகு மாணவர் மையத்தை ஒட்டிய கரடிக் கூடம். 2023-இல் குட்டிகளாக வந்த இண்டி, பெல் என்ற இரண்டு கருங்கரடிச் சகோதரிகள். வெயில் ஏறிய பின் நிழலில் படுத்துவிடும், காலையில் போனால் நடமாட்டம் தெரியும். டிட்வெல் கட்டடத்தின் முன்னால் நிற்கும் ராபர்ட் கில்பர்ட், பார்பரா வாக்கர் சிலைகளைக் கடந்து போய்விடாதீர்கள். 1967-இல் இங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவர்கள் அவர்கள். சிலைகள் 2023-இல்தான் வந்தன. நிறுவனர்கள் அடிமைகளை வைத்திருந்தவர்கள் என்பதைப் பல்கலைக்கழகம் இப்போது தானே பேசுகிறது.

மாலையில் விளையாட்டு இருந்தால் தங்கிப் பாருங்கள். 2024 ஜனவரியில் திறந்த ஃபாஸ்டர் பெவிலியனில் கூடைப்பந்து நடக்கும். ஆண்கள் அணி 2021-இல் தேசிய சாம்பியன், பெண்கள் அணி 2005, 2012, 2019 என மூன்று முறை. பழைய அரங்கைவிடச் சின்னது என்பதால் பெரிய அணிகள் வரும் நாளில் டிக்கெட் அரிது. எங்கள் பரிந்துரை அக்ரோபாட்டிக்ஸ் அண்டு டம்பிளிங் போட்டி. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நடக்கும். பேய்லர் 2015 முதல் தேசியப் பட்டங்களைக் குவித்துவரும் விளையாட்டு, கூட்டம் குறைவு. ஆளை ஆள் தூக்கி எறிந்து பிடிக்கும் துல்லியத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம்.

நாள் தேர்வில் கவனம் வேண்டும். ஸ்பிரிங் பிரேக் வாரம் வேண்டாம். மார்ச்சில் மக்னோலியா சைலோஸ் கடைத்தொகுப்பின் வசந்தச் சந்தை நடக்கும் நாட்களில் ஹோட்டல் விலை ஏறும், நகர மையத்தில் கார் நிறுத்த முடியாது. மாணவர் அமைப்பு உதவித்தொகைக்காக நடத்தும் பேரத்தான் அரை மாரத்தான் அன்று காலையில் சாலைகள் அடைபடும். ஓடுகிறவர்களுக்கு அது நல்ல ஓட்டம், ஆனால் கேமரான் பூங்கா மேடுகள் கால்களைச் சோதிக்கும், சமதள வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். பட்டமளிப்பு வாரத்துக்கு அறை வேண்டுமானால் மாதங்களுக்கு முன்பே போட வேண்டும். மார்ச் கடைசி வாரம் அல்லது ஏப்ரல் முதல் வாரம், ஈஸ்டரை ஒட்டாத ஒரு திங்கள் இரவு வந்து செவ்வாய் முழுவதும் இருந்து கிளம்புவது சரியான திட்டம். வரும் வழியில் சாலையோரம் நீல நிற புளூபானட் பூக்களும் கிடைக்கும்.

மாணவர்கள் ஸ்பிரிங்கிலேயே முடிக்க வேண்டிய காகித வேலைகள் மூன்று. அடுத்த செமஸ்டர் பாடப் பதிவு ஏப்ரல் வாக்கில் வரும், அதற்கு முன் ஆலோசகரைப் பார்க்காவிட்டால் பதிவுத் தடை நீங்காது. வெளியில் வீடு எடுக்க நினைக்கிறவர்கள் பிப்ரவரிக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும். வளாகத்துக்கு நடந்து வரும் தூரத்தில் உள்ளவை முதலில் போய்விடும். ஒப்பந்தம் பெரும்பாலும் 12 மாதம், கோடையில் ஊருக்குப் போனாலும் வாடகை ஓடும், அதையும் சேர்த்தே விடுதிக் கட்டணத்தோடு ஒப்பிடுங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் செமஸ்டர் நடக்கும்போது வளாக வேலை வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு துறைகளில் வேலை செய்தாலும் சேர்த்துத்தான் 20. கோடையில் அமெரிக்காவுக்கு வெளியே போகிறவர்கள் அந்த விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் பயணக் கையெழுத்தை ஏப்ரலிலேயே வாங்கிவிட வேண்டும். தேர்வு வாரத்தில் அந்த அலுவலகத்தில் வரிசை நீளம்.

கடைசித் தேர்வு முடிந்ததும் விடுதி அறையை உடனே காலி செய்யச் சொல்வார்கள், கோடைக்கு அறையில் பொருட்களை விட்டுப்போக முடியாது. வெளியூர் மாணவர்கள் மூன்று, நான்கு பேராகச் சேர்ந்து ஒரு சேமிப்பு அறையை வாடகைக்கு எடுப்பது வழக்கம். ஏப்ரல் நடுவில் பதிவு செய்தால் குளிரூட்டிய அறை கிடைக்கும். மே மாதம் தேடினால் தகரக் கொட்டகை போன்றவைதான் மிஞ்சும். ஜூலை, ஆகஸ்டு வெயிலில் அதற்குள் மெழுகுப் பொருட்கள், மின்கலம் உள்ள சாதனங்கள், மாத்திரைகள், ஊரிலிருந்து கொண்டுவந்த பொடி வகைகள் எல்லாம் கெட்டுப் போகும். அப்படிப்பட்ட அறைதான் கிடைத்தது என்றால் புத்தகம், பாத்திரம், படுக்கை மட்டும் உள்ளே வையுங்கள். மற்றதைக் கையோடு எடுத்துப் போங்கள்.